முக்கோணத்தின் உள்ளும் வெளியும்

வரைபடத்தில் பார்த்தால் செஞ்சிக் கோட்டை ஒரு முக்கோணம். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் இணைத்து ஓடும் மதில். 2025 ஜூலையில் மராட்டியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில், பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. முக்கோணத்தை இப்படிக் கல்லாகவும் காவலாகவும் பார்த்துப் பழகியவனுக்கு, ஓவியர் வி. விஸ்வநாதனின் முக்கோணங்களுக்கு முன்னால் நிற்கும்போது ஏற்படும் சங்கடத்திலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

அச்சில் வந்திருந்த அவருடைய ஓவியம் ஒன்றை செஞ்சிப் பேருந்து நிலைய டீக்கடையில் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். இயக்கத்துக்காரர். "இதுல என்ன தோழர் இருக்கு? ஸ்கேல் வச்சி எம்பொண்ணே போட்ருவா" என்றார். சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இக்கேள்விக்குப் பதில் சொல்லாமல்தான் நாம் இத்தனை வருடமாகச் சிற்றிதழ் அட்டைகளில் ஓவியங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வடிவியல் அரூப ஓவியம் உருவத்தை விலக்குகிறது, உலகத்தை விலக்குவதில்லை. 1915இல் பெத்ரோகிராத் கண்காட்சியில் மாலேவிச் தன் கறுப்புச் சதுரத்தை அறையின் மேல் மூலையில் மாட்டினார். ருஷ்ய வீடுகளில் சாமிபடம் இருக்கும் மூலை அது. வெறும் சதுரம்தான், ஆனால் அது யாருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதில் இருக்கிறது அதன் அர்த்தம். அரூபத்தை வாசிப்பதென்றால் 'இது என்ன' என்று கேட்பதல்ல, 'இது எங்கே நிற்கிறது, எதை உள்ளே வைக்கிறது, எதை வெளியே தள்ளுகிறது' என்று கேட்பது.

விஸ்வநாதன் 1940இல் கொல்லம் பகுதியில் பிறந்தவர். அறுபதுகளில் சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றார். 1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வாசிக்க முடியாத எழுத்துகள் வந்துகொண்டிருந்த காலம். மேற்கின் நவீனத்துவத்தை அப்படியே நகலெடுக்காமல், இங்கே புழங்கும் கோடுகளிலிருந்து நவீனத்தை உண்டாக்க முடியுமா என்பதே அன்றைய விவாதம். 1966இல் சோழமண்டலம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் விஸ்வநாதனும் ஒருவர். பத்திக், கைவினைப் பொருட்கள் விற்று ஓவியர்கள் தம் காலில் நின்ற இடம் அது. 1968இல் அவர் பாரிஸுக்குப் போனார்.

எழுபதுகளில் அவருடைய முக்கோணங்களும் சதுரங்களும் சமச்சீராக, மையம் நோக்கி இறுகி நின்றன. உடனே ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: 'நவ தாந்திரீகம்'. மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. முடிந்தது வாசிப்பு! இந்தச் சொல்லாடல் கலைச் சந்தைக்கும் வசதி, 'காலமற்ற இந்தியா'வைத் தேடி வருபவருக்கும் வசதி. கோடு போட்ட கை அதில் காணாமல் போகிறது. தச்சரின் நூலும், கல்தச்சரின் மட்டமும், வாசலில் புள்ளி வைக்கும் பெண்ணின் விரலும் வடிவியல்தான் என்பது மறைந்துபோகிறது. உழைப்பாக இருந்தது மந்திரமாகிவிடுகிறது.

ஆனால் விஸ்வநாதன் அந்தச் சீட்டுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் போய் மணல் சேகரித்தார். அந்தத் தேடலிலிருந்து 1982இல் 'மணல்' என்ற திரைப்படம் வந்தது. பிறகு கங்கை, நெருப்பு என்று பூதங்களைப் பற்றிய படங்கள். இதை ஓவியத்திலிருந்து விலகல் என்று நான் பார்க்கவில்லை. முக்கோணத்துக்கு ஊர் கிடையாது. மணலுக்கு ஊர் உண்டு. ஒரு கரையின் மணல் நிறம் அடுத்த கரையில் இல்லை. ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அடக்கும் வடிவத்தை, அடக்க முடியாத பொருளிடம் கொண்டுபோய்ச் சோதித்த செயல் அது. அதன் பின் வந்த ஓவியங்களில் கோடுகள் சாய்கின்றன, ஒன்றையொன்று வெட்டுகின்றன, சட்டத்தின் விளிம்பில் மூடாமலே நின்றுவிடுகின்றன. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் கலந்த வண்ணம் மெல்லிய அடுக்குகளாக ஏறி, அடியில் இருப்பதையும் காட்டுகிறது. மூடிய வடிவம் திறந்த வடிவமாகிறது. ஒரு கலைஞன் தன் கோட்டையே சந்தேகித்த வரலாறு இது.

மறுபடியும் செஞ்சிக்கு வருவோம். கோட்டையின் வரலாற்று நூல்கள் மூன்று பெரிய மலைகளைச் சொல்லிவிட்டு, முக்கியமில்லாத சிறு குன்று ஒன்றையும் போகிறபோக்கில் குறிப்பிடுகின்றன. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். சாதிப் பெயரையே சுமந்து நிற்கும் குன்று. ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, சந்திரனுக்கு ஒரு மலை என்று முக்கோணம் நிறைந்துவிடுகிறது. நான்காவது புள்ளியைக் கணக்கில் எடுத்தால் வடிவமே மாறிவிடும். எடுக்காததால்தான் முக்கோணம் அவ்வளவு அழகாக இருக்கிறது.

எந்த ஓவியமும் இதை நமக்காகச் சொல்லிவிடாது. விஸ்வநாதனின் ஓவியங்கள் சாதியைப் பற்றிப் பேசுகின்றன என்று நான் வாதிடவும் இல்லை. மூடாத அவருடைய கோடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மூடிய வடிவங்களின் மேல் சந்தேகம் வரும். அவ்வளவுதான் என் கட்சி.

தோழரிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "உங்க பொண்ணு ஸ்கேல் வச்சிப் போடட்டும். போட்டதும், வெளியே என்ன விட்டுப்போச்சுன்னு கேளுங்க."