கடலை அளக்கும் கப்பல்களும் நமது மழையும்

ஐப்பசி பிறந்ததும் உறையூரில் தறி வைத்திருக்கும் அங்கத்தினருக்கு ஒரு கவலை; ஸ்ரீரங்கத்தில் வாழை வைத்திருக்கும் அங்கத்தினருக்கு மற்றொரு கவலை. கஞ்சி போட்டு நீட்டிய பாவு காயுமுன் மழை பிடித்துக்கொண்டால் நூலும் உழைப்பும் வீணாகும். காற்றோடு மழை வந்தால் குலை தள்ளிய வாழை சாய்ந்துவிடும். சங்கக் கடனின் தவணையோ வானத்தைப் பார்த்துத் தள்ளிப் போவதில்லை. ஆகவே, மழை எங்கே உருவாகிறது, அதை முன்கூட்டி அறிய என்ன செய்கிறார்கள் என்பன நாமும் அறியவேண்டிய விஷயங்களே.

திருச்சிக்கு நேராகக் கிடைக்கும் மழையில் மிகுதியான பங்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவின் ஈரத்தால் பெய்வதாகும். மேட்டூர் அணையை நிரப்பும் குடகு மழை, அரபிக் கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. ஆக, நமது வாய்க்கால்களின் உண்மையான தலைமடை கடலிலேதான் இருக்கிறது.

கடல்நீர் ஆவியாவதை நெசவாளர் நன்கு அறிவர். வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் ஈரப்பாவு விரைவில் காயும். காற்று அசையாமல் ஈரமாய் இருந்தால் காயாது. கடலின் மேற்பரப்பும் அவ்வாறே. உறைநிலையிலுள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் கடற்பரப்பில் ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி செலவாகிறது. அவ்வெப்பம் ஆவியோடு மேலேறி, ஆவி குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படுகிறது. மேகத்தை வளர்ப்பதும் புயலுக்கு வலுவூட்டுவதும் அதுவே. கடல் காற்றுக்குக் கொடுக்கும் இந்த வெப்பத்தின் அளவைக் கண்டறியவே ஆராய்ச்சிக் கப்பல்கள் செல்கின்றன.

கப்பலின் இரும்புடல் வெயிலில் சூடேறி, அருகிலுள்ள காற்றின் நிலையை மாற்றிவிடும். ஆதலால் கப்பல் முகப்பிலிருந்து முன்னே நீளும் கம்பத்தில் காற்றின் வேகம், உஷ்ணம், ஈரம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைப் பொருத்துவர். அலையில் கப்பல் ஆடுவதையும் அளந்து, கணக்கிலிருந்து கழித்துவிடுவர். கம்பிவடத்தில் கட்டிக் கடலில் இறக்கும் கருவி ஆழத்துக்கு ஆழம் உஷ்ணத்தையும் உப்பின் அளவையும் குறிக்கும். பலூனில் பறக்கவிடும் ரேடியோசோண்ட் மேற்காற்றின் நிலையை ரேடியோ வழியே தெரிவிக்கும்.

1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியில் பல நாட்டுக் கப்பல்கள் பங்கு கொண்டன. நமது கடற்படையின் ‘கிஸ்ட்னா’வும் அவற்றுள் ஒன்று. அதன் பயனாக 1966 ஜனவரியில் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. பின்னர் 1999 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ‘சாகர் கன்யா’, ‘சாகர்த்வனி’ என்ற இரு கப்பல்கள் வங்காள விரிகுடாவின் நடுவே நின்று அளவெடுத்தன. பெருமழை மேகங்கள் பெரும்பாலும் 28 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட கடற்பரப்பிலேயே வளர்கின்றன. பருவமழை நடுவிலும் விரிகுடா அந்த உஷ்ணத்துக்குக் கீழே இறங்கவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற நதிகளின் நன்னீர், வட விரிகுடாவின் உப்புநீர்மேல் இலேசான படலமாய் மிதக்கிறது. மேகம் மூடியபோது குளிர்ந்தாலும், வானம் வெளுத்ததும் அந்த மேற்படலம் மீண்டும் விரைவாகச் சூடேறி அடுத்த மழைக்கு ஆயத்தமாகிறது.

செயற்கைக்கோள்கள் இருக்கக் கப்பல் எதற்கு என்று கேட்கலாம். கோள் மேலிருந்து கண்டு மதிப்பிடுவதைச் சரிபார்க்க, அவ்விடத்திலேயே எடுத்த அளவு வேண்டும். சங்கத்தின் பேரேட்டில் இருப்பு எழுதியிருந்தாலும், கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்ப்பதில்லையா? கப்பல் எந்நாளும் ஓரிடத்தில் நிற்க இயலாதாகையால், கருவிகள் பொருத்திய மிதவைகளும் கடலில் நங்கூரமிடப்பட்டுள்ளன.

இவ்வளவு செய்தும், வானிலை முன்னறிவிப்பு ஓர் உறுதிமொழி அன்று. அளந்து கூறும் மதிப்பீடே. இன்ன தெருவில் இன்ன மணிக்கு மழை என்று அது கூறாது. ஆயினும் பாவு நீட்டுவதற்கு முன்பும், உரமிடுவதற்கு முன்பும், வாழைக்கு முட்டுக் கொடுக்கும் வேளையிலும் இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேட்டுக்கொள்வது நன்று. அதைச் சங்கத்தின் கரும்பலகையில் தினந்தோறும் எழுதிவைத்தால், செலவின்றி அங்கத்தினர் அனைவரும் பயனடைவர்.