பட்டிக்குள் நாய், போனுக்குள் புரளி

வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் பக்கம் ஆடு வளர்ப்பவர்களிடம் சில ஆண்டுகளாக ஒரே புலம்பல்தான். விடிகாலையில் பட்டிக்குப் போனால் செம்மறிகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடக்கின்றன. செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு, இழப்பீடு கேட்டு மறியல் செய்கிற அளவுக்கு விவசாயிகளின் வயிறு எரிந்திருக்கிறது. இதில் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கொன்ற நாய்கள் பெரும்பாலும் ஆடுகளைத் தின்பதில்லை.

பேக்கரி வாசலில் வர்க்கிக்கு வாலாட்டி நிற்கும் ஜாதிதான் இதுவும். தனியாக இருக்கும்போது கல்லைக் குனிந்து எடுத்தாலே ஓடிவிடும். நாலு சேர்ந்துவிட்டால் அதன் குணமே மாறிவிடுகிறது. ஒன்று பாய்ந்தால் மற்றதும் பாயும். வெட்டவெளி என்றால் இரை ஓடித் தப்பிவிடும், துரத்தலும் அதோடு முடிந்துவிடும். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலிக்குள், பட்டியில் அடைபட்ட ஆடு எங்கே ஓடும்? கண்முன் ஒன்று துள்ளத் துள்ள நாயும் கடித்துக்கொண்டே இருக்கும். பசியே இல்லாமல் நடக்கும் இந்தக் கொலையைப் பற்றி விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972-லேயே எழுதினார். கும்மிருட்டில் பறக்காமல் உட்கார்ந்திருந்த கடற்பறவைகளை நரிகள் கொன்று போட்டுவிட்டு, தின்னாமல் போனதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

மனிதன் மட்டும் விதிவிலக்கா? 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய புரளியை நம்பி, போளூர் அருகே ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. குலதெய்வக் கோயிலுக்கு வந்தவர் அவர். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். அடித்தவர்களில் யாரும் தனியாக ஒரு கிழவியைக் கை நீட்டி அடித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆட்டின் பக்கமும் நம் சாயல் இருக்கிறது. மிரண்ட மந்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதை நாம் ஒற்றுமை என்கிறோம். உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971-ல் வேறு விளக்கம் சொன்னார்: ஆபத்துக்கும் தனக்கும் நடுவே இன்னொன்று இருக்கட்டும் என்று ஒவ்வொன்றும் உள்ளே முண்டுகிறது. எதற்காக மிரண்டோம் என்பது ஓரத்து ஆட்டுக்குத்தான் தெரியும். மற்றவை பார்ப்பதெல்லாம் பக்கத்து ஆடு ஓடுவதைத்தான்.

2023 மார்ச்சில் திருப்பூர் வட்டாரத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுவே. வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத பழைய காட்சிகள் அவை. ஆனாலும் ஊரில் அம்மாவும் மனைவியும் போனில் அழ, பையன்கள் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்துப் போனது. காவல்துறை இந்தியில் பேசி, உதவி எண் கொடுத்து, வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்ட பிறகே பதற்றம் தணிந்தது.

பகுத்தறிவுள்ள மனிதனை ஆட்டோடும் நாயோடும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பகுத்தறிவு இருக்கிறது, மறுக்கவில்லை. பயம் அதை முந்திக்கொள்கிறது என்பதே என் கவலை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. முன்பு பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டு ஆள் படுத்திருப்பார். ஒரு அதட்டலுக்கு நாய் விலகும், பழகின குரல் கேட்டு ஆடும் அடங்கும். இன்று அந்த ஆள் மில்லில் நைட் ஷிப்ட்டில் நிற்கிறார், பட்டி தனியாகக் கிடக்கிறது. நம் மில் விடுதிகளும் பல இப்படித்தான் இருக்கின்றன. நூறு வடமாநிலத் தொழிலாளர்கள் தங்குமிடத்தில் அவர்கள் மொழி பேசுகிற, அவர்கள் நம்புகிற ஒருவர் இருப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ வந்தால், 'இது பொய்டா தம்பி' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

மில் முதலாளிகள் இதற்குப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவரை, இரவிலும் விடுதியிலேயே தங்கும்படி வேலைக்கு வையுங்கள். அடுத்த புரளி வருவதற்குள் வையுங்கள்.