மாத்திரையும் மனோதைரியமும்

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி நம் தேசத்திலும் புகுந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அந்தச் செய்தி மரணத்தின் முன்னறிவிப்பாகவே கருதப்பட்டது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலின் வழியிலோ கிருமியைப் பெற்று, நெடுநாள் பிழையார் என்று கைவிடப்பட்ட குழந்தைகள் பலர், அம்மருந்தின் பலத்தால் இன்று கல்லூரிக்குச் செல்லவும், உத்தியோகம் தேடவும், விவாகத்தைப் பற்றி யோசிக்கவும் தகுந்த வாலிபர்களாகவும் யுவதிகளாகவும் வளர்ந்து நிற்கிறார்கள்.

ஆனால் தேகம் தேறிய அளவுக்கு அவர்கள் உள்ளம் தேற நாம் இடங்கொடுத்தோமா? 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உதயமான பின் வட்டம் வட்டமாக எழுந்த நம் நெய்வேலி நகரியத்தில், ஒரே சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்டு பார்க்கும் குடும்பங்கள் அடுத்தடுத்துக் குடியிருப்பதால், ஒரு வீட்டுச் சங்கதி மறுவீட்டுக்கு எட்ட நேரமாவதில்லை. துன்ப காலத்தில் பேருதவியாகும் இந்த நெருக்கமே, ரகசியத்தைச் சுமக்கும் ஓர் இளைஞனுக்குப் பெரும் பயமாகிவிடக்கூடும். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாளைக் கிழித்தெறிகிறவனும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று சிகிச்சை மையத்துக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவனும் சோம்பேறிகள் அல்லர், அவமானத்துக்கு அஞ்சுகிறவர்கள். அந்த அச்சத்தால் மாத்திரை தவறினால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிமையையும் அது அடையக்கூடும். ஒழுங்காக உட்கொண்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தாலோ, தாம்பத்திய உறவால் அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆகவே மனோதைரியமும் சிகிச்சையில் ஓர் அங்கமே.

அந்த மனோதைரியத்துக்கு முதற்படி உண்மை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையை வயதுக்கேற்பப் படிப்படியாகச் சொல்லவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வழிகாட்டியது. பெற்றோர் மறைத்ததைப் பிறர் வாயால் கேட்கும் பிள்ளையின் வேதனை பன்மடங்கானது. இரண்டாவது படி தோழமை. ஜிம்பாப்வேயில் 2004இல் தொடங்கிய 'ஸ்வாந்திரி' இயக்கத்தில், கிருமியோடு வாழும் இளைஞர்களே பயிற்சி பெற்று, தம்மைப் போன்றவர்களின் வீடு தேடிச் சென்று ஆறுதல் கூறினார்கள். அதனால் கிருமிக் கட்டுப்பாடு மேம்பட்டதை ஆராய்ச்சியும் உறுதிப்படுத்திற்று. நம் நாட்டில் அரசின் நம்பிக்கை மையங்கள் என்னும் எச்.ஐ.வி. பரிசோதனை நிலையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097 என்ற எண்ணிலும், மனத்துயருக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், படிப்பிலும் பணியிலும் மருத்துவத்திலும் கிருமியோடு வாழ்பவர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சம்மதமின்றி அவர்களுடைய நிலையை வெளியிடுவதையும் அது பொதுவாகத் தடைசெய்கிறது. சட்டம் வாயைக் கட்டலாம். நெஞ்சைத் திறக்கச் செய்யாது. பிறர் அந்தரங்கத்தைக் காப்பதும், தெரிந்த பின்னும் பழைய பிரியம் குன்றாமல் பழகுவதும் அயலார் செய்யவேண்டிய தர்மம். எந்த மருத்துவரும் எழுதித்தர இயலாத அந்த ஔஷதத்தை ஒவ்வொரு வட்டத்திலும் நாமே வழங்கவேண்டும்.