டிக்கியில் ஒரு ஜோடி ஷூ

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ரயிலில் தவித்தவர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவு வந்தது. ரோட்டில் நின்றுபோகும் காருக்கு அப்படி எதுவும் வராது.

சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் காரில் போய்வருவது வழக்கம். ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். மிச்ச தூரத்தை நடந்தே கடக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை.

முதலில் பாதம்

கோயிலுக்குப் போகிறவர் காலில் வார் தேய்ந்த ரப்பர் செருப்புதான் இருக்கும். சேற்றில் நாலு எட்டு வைத்ததும் வார் பிய்ந்துவிடும். அதன்பின் வெறுங்கால்தான். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதத்தில் கருவேல முள் ஏறினாலும் தெரியாது. வீடு வந்து கால் கழுவும்போதுதான் ரத்தம் கண்ணில் படும். எலிக்காய்ச்சல் கிருமி நுழைய அந்தச் சின்னக் காயம் போதும். வெள்ளத்தில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், நடந்த கதையை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

ஆகவே பழகிய ஷூ ஒரு ஜோடி, பருத்திக் காலுறை, டார்ச், மழைக்கோட்டு ஆகியவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு டிக்கியில் வைக்கலாம். இருட்டில் பாம்பு கடித்தால் கயிற்றால் கட்டவோ கீறவோ கூடாது. காலை அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காரில் வைக்கக் கூடாதவை

சித்திரை வெயிலில் மூடிய கார் அடுப்பாகக் கொதிக்கும். இன்சுலின் அதில் வீரியம் இழக்கும். அதனால் ஒரு நாள் மருந்து கைப்பையில் இருக்கட்டும். தண்ணீரைப் பயணத்துக்குப் பயணம் புதிதாக நிரப்ப வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எவ்வளவு ருசித்தாலும் டிக்கியில் வைக்கும் மஞ்சப்பைக்கு ஆகாது. கோவில்பட்டி கடலைமிட்டாய் தாங்கும். இன்சுலின் போடுபவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் உடனே கொடுக்கக் குளுக்கோஸ் பொடி வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குறைத்தால் உப்பு கூடிவிடும்.

எப்போது நடக்கக் கூடாது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடையில் காட்டாறு வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைப் பறித்தது. ஓடும் தண்ணீர் முழங்காலைக்கூட எட்ட வேண்டியதில்லை, ஆளைச் சாய்த்துவிடும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் மேடான இடத்தில் நின்று வடியும் வரை காத்திருக்க வேண்டும். கடலைமிட்டாயும் தண்ணீரும் அந்த நேரத்துக்குத்தான். வீட்டுக்கு ஒரு போன் போட்டு, நிற்கும் இடத்தின் பெயரையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லிவிட்டால், தேடி வருபவர் நேரே அங்கு வருவார்.