ஏர் பில்டரை மாற்றலாமா?

வசூலுக்கும் சரக்கெடுக்கவும் வண்டியை நம்பியிருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர், திறந்த வகை ஏர் பில்டர் பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். காற்று தாராளமாகப் போனால் இழுவை கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

காற்று கூடினால் அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை மாற்றாமல் பில்டரை மட்டும் மாற்றினால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். மூட்டையோடு மேடு ஏறும்போது திணறும். ஜெட்டை மாற்றினாலோ, மிச்சமாகும் என்ற பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்! 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை அளந்து தெளிப்பது கம்ப்யூட்டர். அது ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் 100 சி.சி. வண்டியில் கூடும் இழுவை கைக்குத் தெரியாது.

நம் பக்கத்துக் கணக்கு தூசிதான். வேடசந்தூர், நத்தம் பகுதிக் கிராமங்களுக்குப் போய் வரும் வண்டி செம்மண் புழுதியைத் தின்கிறது. தரமற்ற பில்டர் உள்ளே விடும் மணல்துகள் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் அராவும். நாளடைவில் வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். பிறகு போர் வேலைதான்.

இழுவை குறைந்திருந்தால் முதலில் பழைய பில்டரைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையேற்றிய காகித வகைக்குக் காற்றடிக்கக் கூடாது; அழுக்கேறினால் புதிதுதான். ஸ்பாஞ்ச் வகையை அலசி, உலர்த்தி, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து போடலாம். புழுதிப் பாதைக்காரர்கள் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பெட்டி மூடியின் ரப்பரையும் கவனியுங்கள். அது விரிசல் விட்டிருந்தால் எந்தப் பில்டர் போட்டாலும் தூசி பக்கவாட்டில் நுழைந்துவிடும்.