நச்சு வாயுவை அறிவிக்கும் துத்தநாகப் படலம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் நம் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குச் செல்வோர் பலர். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கி வீழ்வதும், அவரைத் தூக்க இறங்கியவரும் மடிவதும் நாம் அறிந்த துயரமே. அதற்குக் காரணமான வாயுவையும், அதனை உணரவல்ல ஒரு பொருளையும் பற்றி இங்கே சுருங்கக் கூறுவோம்.

தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. இக்கழிவுடன் அமிலக் கழிவு கலப்பின் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். காற்றினும் கனமானதாகையால் அது தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதால் அபாயம் நீங்கிற்று என்று எண்ணுவது எமனை அழைப்பதாகும்.

களிம்பிலும் செருப்பின் ரப்பர் அடியிலும் சேரும் வெண்பொடியே துத்தநாக ஆக்ஸைடு. வாயு பட்டால் இதன் மெல்லிய படலத்தில் மின்சாரம் பாயும் அளவு மாறுவதை 1962-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி ஸெய்யாமாவும் குழுவினரும் வெளியிட்டனர். சூடேறிய படலத்தின்மீது காற்றின் பிராணவாயு ஒட்டி, எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை உயரும். ஹைட்ரஜன் சல்பைடு வந்து அப்பிராணவாயுவுடன் கூடியதும் எலெக்ட்ரான்கள் விடுபடும், தடை குறையும். அக்குறைவைக் கொண்டு எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யலாம்.

இச்செயல் மேற்பரப்பில் நிகழ்வது. வெல்லக் கட்டியைப் பொடித்தால் விரைந்து கரைவதுபோல, துகள் நுண்ணியதாக ஆக உணரும் திறன் கூடும். ஆகவே நானோமீட்டர் அளவில், அதாவது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கில், துகள்களும் குச்சிகளும் ஆக்கப்படுகின்றன. துத்தநாக உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டில் தெளிப்பது ஒரு முறை. இவ்வகைப் படலம் அம்மோனியாவை உணர்வதைத் தஞ்சை சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்துள்ளனர். தோலின் சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் எழுவதும் அம்மோனியாவே. படிக அமைப்பை எக்ஸ் கதிராலும், உருவத்தை எலெக்ட்ரான் நுண்பெருக்கியாலும் கண்டபின், மூடிய அறையில் அளந்த வாயுவைச் செலுத்தித் தடை மாற்றத்தைக் குறிப்பர்.

குறைகளும் உள. ஈரப்பதமும் பிற வாயுக்களும் அளவைப் பிறழச் செய்யும். பெரும்பாலும் சூடேற்றவும் வேண்டும். கடைகளில் கிடைக்கும் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் வேறு வகை மின்வேதி முறையில் இயங்குவன. எம்முறையாயினும் காலந்தோறும் சரிபார்த்தல் அவசியம்.

சாணக் கழிவுக் குழி வைத்துள்ள விவசாய அங்கத்தினருக்கும் இது பொருந்தும். தனியொருவர் வாங்க இயலாத கருவியைச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். குழிக்குள் முதலில் கயிற்றில் இறங்க வேண்டியது கருவியே, மனிதர் அல்லர். கருவி அபாயம் காட்டினால், உள்ளே விழுந்தவரை மீட்பதற்காயினும், சுவாசக் கவசமின்றி எவரும் இறங்கலாகாது.