படுதாவுக்குப் பின்னால் அழுத பிள்ளை

முக்கூடல் பக்கத்துக் கோயில் கொடை ஒன்றில் அரிச்சந்திரா நாடகம். எனக்குப் பத்து வயதிருக்கும். முன்னால் இடம் கிடைக்காமல் கொட்டகையின் பின்பக்கம் போய், ஓலைத்தட்டி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். சந்திரமதி வேடம் கட்டிய அக்கா, முத்துவெள்ளை பூசிய முகத்தோடு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் பாசிமணியைப் பிடித்து இழுத்தது. ஆர்மோனியம் எடுத்ததும், "அண்ணே, கொஞ்சம் பிடிங்க" என்று பபூனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மேடையேறினார். அங்கே, பாம்பு தீண்டிச் செத்த மகன் லோகிதாசனை மடியில் போட்டு அவர் அழுதார். இங்கே, பபூன் மடியில் அவர் பிள்ளை அழுதது. ஜனங்களுக்குக் கேட்டது ஓர் அழுகைதான்.

அந்த இன்னோர் அழுகையைத் தமிழ்த் திரை காட்டியிருக்கிறதா என்று யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சர்வர் சுந்தரம்'. ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கே.பாலசந்தர் எழுதிய நாடகம், மேடையிலும் நாகேஷ்தான். 1964-ல் கிருஷ்ணன்–பஞ்சு படமாக்கினார்கள். நாடக மேடையில் ஒரு ஸ்டூடியோவையே கொண்டுவந்து நிறுத்த முடியாது; சினிமாவால் முடிந்தது. ஒரு பாட்டில் கேமரா ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே போய்விடுகிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் வாத்தியங்களை நடத்த, டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுகிறார். பிறகு தாய் சாகக் கிடக்கும் நேரத்தில் நடிகனாகிவிட்ட மகன் சுந்தரம் படப்பிடிப்பில் சிக்கியிருக்கிறான். வந்து சேரும்போது அவள் இல்லை. அந்த இடத்தில் நாகேஷைப் பார்த்தபோது எனக்கு ஓலைத்தட்டி இடுக்குதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அது சினிமாவின் பின்புறம். நாடகத்தின் பின்புறத்தை முழுசாக எடுத்துக்கொண்டது என்றால் ரொனால்ட் ஹார்வுட் 1980-ல் எழுதிய ஆங்கில நாடகம் 'தி டிரஸ்ஸர்'. குண்டு விழும் போர்க்கால இரவில், தளர்ந்துபோன நடிகரை லியர் அரசனாக வேடம் கட்டி மேடைக்கு அனுப்பப் பாடுபடும் உதவியாளனின் கதை. ஹார்வுட்டே டொனால்ட் வுல்ஃபிட் என்ற நடிகருக்கு அந்த வேலை பார்த்தவர். 1983-ல் சினிமா, 2015-ல் தொலைக்காட்சிப் படம் என்று இரண்டு முறை திரைக்கு வந்தது.

நம்மிடம் விஷயத்துக்கா பஞ்சம்? ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். அன்றிரவு கொட்டகைக்குப் பின்னால்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். நாடகக் கலைஞர்களின் கதை என்று 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973), 'காவியத் தலைவன்' (2014) வந்தன. இரண்டுமே நேராகச் சினிமாவுக்கு எழுதியவை. இரண்டிலும் மேடை வெளிச்சமே அதிகம். எனக்கு அது போதவில்லை.

மேடைக்கு வெளியே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. எங்கள் நெல்லைச் சீமையில், காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ல் பிறந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் சனீஸ்வரன் வேடம் கட்டிய இரவு முடிந்து, விடிகாலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். துணி துவைக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ந்து உயிரைவிட்டாளாம். அதற்குப் பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். மேடையில் நடக்கவில்லை இது, தண்ணீர்க்கரையில்.

யாராவது இந்தப் பின்புற வாழ்க்கையை நாடகமாக எழுதிப் பிறகு படமாக்குவதாக இருந்தால், அந்தக் கரையில் தொடங்கட்டும். அந்தக் கொடையில் நாடகம் முடிந்து நான் பார்த்ததும் கரைதான். தேங்காய் எண்ணெய் தடவி முத்துவெள்ளையைத் துடைத்துவிட்டு, தாமிரபரணியில் முகம் கழுவினார் சந்திரமதி அக்கா. படித்துறையில் பபூன், தோளில் தூங்கும் பிள்ளையோடு, முதல் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.